மேடை நம்முடையது, நாடகம் யாருடையது?

மும்பையில் தமிழ் விழா எது நடந்தாலும், வரவேற்புரை ஆற்றுபவர் முதல் ஐந்து நிமிடங்களுக்குள் 'முத்தமிழ்' என்னும் சொல்லைச் சொல்லிவிடுகிறார். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. இயலுக்குப் பட்டிமன்றமும் கவியரங்கமும் உண்டு. இசையைப் பற்றிக் கேட்கவே வேண்டா. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆண்டு முழுவதும் கச்சேரிகள் நடக்கின்றன. மூன்றாவதாகிய நாடகம் என்ன ஆயிற்று என்று எவரேனும் எழுந்து வினவினால், "அதுதான் சென்னையிலிருந்து வரவழைக்கிறோமே!" என்னும் விடை ஆயத்தமாக இருக்கிறது. அந்த விடையைத்தான் இக்கட்டுரையில் எதிர்க்கிறோம். நூறாண்டுக்கு மேலாக இந்நகரில் வேரூன்றிய ஒரு சமுதாயம், தன் நாடகத்தைத் தானே படைத்துக்கொள்ளாமல், ஆண்டுக்கு மூன்று நாள் விருந்துக்கு அழைத்து வழியனுப்பிவிடுவது அதன் மொழிக்கே கேடு விளைக்கும் என்பது நம் வழக்கு.

இதைச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். நாம் நாடகாசிரியர் அல்லோம். அரிதாரம் பூசியவரும் அல்லோம். பார்வையாளர், அவ்வளவே. பள்ளிக்கூட மண்டபத்துத் தகர நாற்காலியிலும், சண்முகானந்தாவின் மேல்மாடிக் கடைசி வரிசையிலும், தாராவிப் பந்தலில் விரித்த தார்ப்பாயிலும் அமர்ந்து நாடகம் பார்த்தவர். சீட்டு வாங்கிப் பார்த்ததும் உண்டு. இலவச அட்டையைக் காட்டி நுழைந்ததும் உண்டு. நாடகத்துக்குப் பார்வையாளன் தேவை என்றால், அந்தப் பார்வையாளனுக்கு வழக்காடவும் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் மேடையைப் பார்ப்போம். மேடைக்கு இங்கே பஞ்சம் இல்லை. சண்முகானந்த நுண்கலை சங்கீத சபா 1952இல் தோன்றியது. கிங்ஸ் சர்க்கிளில் அதன் அரங்கம் 1963இல் எழுந்தது. 1990இல் தீ அதைப் பாழாக்கியது. அத்தோடு முடிந்தது என்று பலர் கைவிட்ட நிலையில், 1998இல் மீண்டும் திறந்துகாட்டினார்கள். மூன்று அடுக்குகளில் 2,763 இருக்கைகள் கொண்ட அரங்கம் அது. செம்பூரில் நுண்கலைக் கழகத்துக்குச் சிவசாமி அரங்கம் இருக்கிறது. சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தென்னிந்தியர் நடத்தும் பள்ளிகளில் மண்டபங்கள் இருக்கின்றன. பிழைப்புக்காக ரயிலேறி வந்த ஒரு கூட்டம் இத்தனை கட்டடங்களை எழுப்பியது எளிய செயலன்று. இவற்றைக் கட்டிய கைகளை வணங்கிவிட்டுத்தான் மேலே எழுதுகிறோம்.

ஆனால் 2022இல் அதே சண்முகானந்தாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மராத்தி நடிகர் பிரசாந்த் தாம்லே தம் 12,500ஆவது நாடகக் காட்சியை அங்கே நடத்தினார். ஒரே நடிகர், 12,500 காட்சிகள்! ஒரு நாளும் விடாமல் நாளுக்கு ஒன்றாக நடித்தாலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகும் கணக்கு. அரங்கம் தென்னிந்தியர் கட்டியது; சாதனை மராத்தி மேடையுடையது. இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ளத்தான் நிறைய இருக்கிறது. மராத்தி நாளிதழைப் புரட்டுங்கள். நாடக விளம்பரங்கள் பத்தி பத்தியாக வருகின்றன. தாதரில் சிவாஜி மந்திர், மேற்கு மாட்டுங்காவில் யஷ்வந்த் நாட்டிய மந்திர் என்று அரங்குகளின் பெயரும் காட்சி நேரமும் போட்டிருக்கும். ஞாயிறன்று மதியம் சாப்பிட்டு எழுந்த குடும்பம் சீட்டு வாங்கிக்கொண்டு நாடகத்துக்குப் போகிறது. தமிழர் திரைப்படத்துக்குப் போவதுபோல அவர்கள் நாடகத்துக்குப் போகிறார்கள். சீட்டு வாங்கியவன் கேள்வி கேட்பான். நாடகம் நன்றாக இல்லையென்றால் அடுத்த வாரம் வரமாட்டான். அந்த அச்சத்தில்தான் அவர்களுடைய நாடகம் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு செய்தியும் சொல்லத் தோன்றுகிறது. மராத்தி நாடக வரலாற்றை 1843இல் சாங்க்லியில் விஷ்ணுதாஸ் பாவே நடத்திய நாடகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நவம்பர் 5ஆம் நாளை மராத்தி அரங்க நாளாகவே கொண்டாடுகிறார்கள். ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சாவூரில் மராட்டிய மன்னர் சகஜி மராத்தியில் நாடகங்கள் எழுதியிருக்கிறார். காவிரிக் கரையில் குடியேறிய மராட்டியர் அந்த மண்ணில் தம் மொழியில் நாடகம் எழுதினார்கள். மித்தி ஆற்றங்கரையில் குடியேறிய தமிழருக்கு அந்த எண்ணம் ஏன் வரவில்லை?

2023 மார்ச் 31ஆம் நாள் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் நீதா முகேஷ் அம்பானி கலாசார மையம் திறக்கப்பட்டது. அதன் பேரரங்கில் 2,000 இருக்கைகள். அந்த மே மாதமே 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்னும் அமெரிக்க இசைநாடகம் அங்கே வந்தது. 2025இல் 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா' வந்தது. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் சென்றன. நாமும் சென்றோம். காட்சிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறின. பாடுவோர் பாடியபடியே ஆடினர்; ஆடியபடியே பேசினர்; மூச்சு வாங்கியது தெரியவில்லை. எல்லாம் உண்மை. எனினும் நாம் வியந்தது மேடையைக் காட்டிலும் இருக்கைகளைப் பார்த்துத்தான். சபா நாடகத்துக்கு அரைமணி தாமதமாக வந்து, பாதியில் எழுந்து, போண்டா குளிர்ந்துவிட்டது என்று முறையிடும் அதே பெருமக்கள், இங்கே ஆயிரங்கள் கொடுத்துச் சீட்டு வாங்கி, அரைமணி முன்னதாகவே வந்து, திரை விழும்வரை அசையாமல் அமர்ந்திருந்தார்கள். தமிழ் நாடகத்துக்குக் காசு கொடுப்பார் இல்லை என்று இனி எந்தச் செயலாளரும் சொல்லக் கூடாது. காசு இருக்கிறது. கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. தமிழ் என்றால் இலவசம் என்று அவர்களைப் பழக்கியவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

இடைவேளையில் ஒருவர், நல்ல தமிழில், "நம்மிடம் இந்த மாதிரி எதுவும் இருந்ததில்லையே" என்று தம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சில் முள்ளாகத் தைத்த சொல் அது. தமிழ் நாடகம் பாட்டிலே பிறந்த நாடகமன்றோ! சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பாடவும் பேசவும் பழக்கினார். எஸ்.ஜி.கிட்டப்பா ஒலிபெருக்கியின் துணை இல்லாமல், கொட்டகையின் கடைசியில் அமர்ந்த தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்கும்படி உச்சத்தில் நின்று பாடினார். அவரும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்றால் ஊரே திரண்டது. 1933இல், இருபத்தேழு வயதில், அவர் மறைந்தார். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நியூயார்க்கில் மேடையேறியது அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து. இது பழம்பெருமை பேசுவதற்காகச் சொன்னதன்று. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் 'வள்ளி திருமணம்' இரவு முழுவதும் நடக்கிறது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் வருகிறார்கள். ஆர்மோனியக்காரர் கட்டை மாற்றுவதற்குள் வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். இந்தக் கலைஞர்களின் பெயரை நம் நகரத்துச் சபாக்களின் ஆண்டு நிரலில் நாம் கண்டதில்லை. மராத்தியர் தம் இசைநாடகத்தை விட்டார்களா? 1967இல் மேடையேறிய 'கட்யார் காளஜாத் குசலி' பின்பு புதிய பாடகர்களோடு மீண்டும் மேடையேறியது. 2015இல் திரைப்படமாகவும் வந்தது. இளைஞர்கள் அதன் பாடல்களை முணுமுணுக்கிறார்கள். இங்கேயோ கிட்டப்பா என்றால் யார் என்று கேட்கும் தலைமுறை, அமெரிக்க இசைநாடகத்தைப் பார்த்து, தமிழில் இப்படி ஒன்று இல்லையே என்று பெருமூச்சு விடுகிறது.

இனிச் சபா நாடகம் நடக்கும் மாலைப் பொழுதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இன்ன சபா என்று சுட்டுவது நம் நோக்கமன்று. ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதாம்.

மாலை ஆறரை என்று அழைப்பிதழ் சொல்லும். ஏழு மணிக்குக் கடவுள் வாழ்த்து. அதன்பின் வரவேற்புரை, செயலாளர் அறிக்கை, புரவலர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. நாடகம் தொடங்கும்போது ஏழே முக்கால். திரை விலகினால் ஒரு சோபா, ஒரு தொலைபேசி, ஒரு வாசற்கதவு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், ஒரு பகலும் ஓரிரவும் ரயிலில் வந்த நடிகர்கள். காட்சி அமைப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு வர அவர்களால் இயலாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இடைவேளையில் நடப்பதை எவ்வாறு ஒப்புக்கொள்வது? கதாநாயகியின் திருமணம் நடக்குமா நடக்காதா என்னும் நிலையில் நாடகத்தை நிறுத்திவிட்டு, சிறப்பு விருந்தினராக வந்த ஒரு பெரிய அதிகாரி நாடகக் கலையின் மேன்மை குறித்து இருபது நிமிடம் உரையாற்றுகிறார். வேடமிட்ட நடிகர்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். சற்றுமுன் மாரடைப்பால் இறந்துபோன மாமனாரும் அந்த வரிசையில் நின்று சிரிக்கிறார்! அதன்பின் மீண்டும் திரை விலகும்போது யார் அழுதால்தான் நமக்கு அழுகை வரும்? ஒன்பதரை மணிக்கு டோம்பிவிலிக்குப் போக வேண்டியவர் ஒருவர் எழுகிறார். அவரைத் தொடர்ந்து அந்த வரிசையே எழுகிறது. கடைசிக் காட்சி நாற்காலிகள் மடங்கும் ஓசைக்கு நடுவே நடந்து முடிகிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடையின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அளந்து சொல்கிறது. மூவகைத் திரைகளையும் சொல்கிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்றுகூட அடிகள் கவலைப்பட்டிருக்கிறார். விழா மேடைகளில் சிலப்பதிகாரத்தை ஓயாமல் போற்றுபவர்கள், தம் மண்டபத்தில் நடிகரின் முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று ஒரு முறையேனும் பார்த்ததுண்டா? நாம் பார்த்த ஒரு நாடகத்தில் தொங்கவிட்ட ஒலிவாங்கிகள் இரண்டுக்கு நேர்கீழே வந்து நின்றால்தான் வசனம் கேட்டது. அதனால் காதலர் இருவரும் நாடகம் முழுவதும் எட்டடி இடைவெளியிலேயே நின்று காதலித்தார்கள்.

நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். குழுவின் தலைவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, "சிரிப்பு இருக்கிறதா?" என்பது. இரண்டாம் கேள்வி கிடையாது. நகைச்சுவையை இழித்துரைப்பது நம் கருத்தன்று. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைத்தார். ஆனால் அதன்பின் அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று இன்னும் ஏழு இருக்கின்றன. நம் சபாக்கள் முதற்பாடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டன. கிரேசி மோகனின் வசனத்தில் சொல்லோடு சொல் மோதித் தெறித்த வேகம் பயிற்சியால் வருவது. அதை வெறும் துணுக்கு என்று தள்ள நாம் ஆயத்தமாக இல்லை. அவரைப் பார்த்து எழுதியவர்களிடம் அந்த வேகம் இல்லை, துணுக்குமட்டும் இருக்கிறது. சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் மேடையேறியது. அதுவும் சிரிப்பு நாடகந்தான். ஆட்சியில் இருந்தோர் நெளிந்த சிரிப்பு அது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980இல் வந்தது. குடிநீர் இல்லாத ஒரு கரிசல் சிற்றூரின் கதையைச் சென்னையில் சபா இரசிகர்கள்தாம் அமர்ந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டே கே.பாலசந்தர் அதைத் திரைப்படமாக்கினார். எனவே சபா என்னும் அமைப்பே நல்ல நாடகத்துக்குப் பகை என்று சொல்வதும் பொருந்தாது. அழைப்பவர் எதை அழைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளியூர்க் குழுவை அழைக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விருந்தாளி நாடகத்தால் விளைய வேண்டியது ஒன்று உண்டு. அது இங்கே விளையவில்லை என்பதே குறை. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. பதினெட்டு வயதுப் பம்மல் சம்பந்தம் அதைப் பார்த்தார். பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகம் என்றால் முகம் சுளித்த வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மேடையேறி நடிக்கத் தலைப்பட்டது அதன்பின்தான். வேற்று மொழி நாடகம் ஒன்றைப் பார்த்ததன் விளைவு அது. மும்பையிலோ எழுபது ஆண்டுகளாகச் சொந்த மொழி நாடகங்கள் வந்து போகின்றன. அவற்றைக் கண்டு கிளர்ந்தெழுந்து அலுவலக நண்பர்கள் ஆங்காங்கே குழு அமைத்ததுண்டு. சென்னை நாடகத்தின் நகலெடுத்த பிரதியை வாங்கி, மயிலாப்பூரை மாட்டுங்கா என்று மாற்றி நடித்ததோடு அவர்களில் பலர் நின்றுவிட்டார்கள்.

தில்லியைப் பாருங்கள். அங்கே தமிழர் மும்பையைவிடக் குறைவு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி 'மழை', 'போர்வை போர்த்திய உடல்கள்', 'ஔரங்கசீப்' என்று எழுதினார். தில்லித் தமிழரிடையே அவற்றுக்கு மேடை கிடைத்தது. 'ஔரங்கசீப்' இந்தியிலும் மேடையேறியது. 'இராமாநுஜர்' நாடகத்துக்காக 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் அவருக்குக் கிடைத்தது. மும்பையில் எழுத்தாளர் இல்லையா? நாஞ்சில் நாடன் இந்நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து எழுதினார். அம்பை இங்கே வாழ்ந்து எழுதிவருகிறார், 2021ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், நாடகங்களும் எழுதியவர். புதியமாதவி இருக்கிறார். மும்பைத் தமிழ் வாழ்க்கை சிறுகதையில் இருக்கிறது, நாவலில் இருக்கிறது, கவிதையில் இருக்கிறது. மேடையில் மட்டும் அது ஏறவில்லை. எழுதித் தாருங்கள் என்று ஒரு சபாவேனும் ஓர் எழுத்தாளரின் கதவைத் தட்டிப் பணம் கொடுத்து வேண்டியிருந்தால் இந்த நிலை வந்திராது.

எழுதப் பொருள் இல்லை என்பார்க்குத் தாராவியைக் காட்டுகிறோம். மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. முன்சொன்ன கலாசார மையத்துக்கும் அதற்கும் இடையே மித்தி ஆறுமட்டும் ஓடுகிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புப் பணிக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று காட்டுவோருக்குத் தாராவியிலேயே வீடு என்பது விதி. அங்கே வீட்டுக்கு வீடு பழைய தகரப் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. ரேஷன் அட்டையில் தந்தையின் பெயர் ஒரு மாதிரி, மின்கட்டணச் சீட்டில் இன்னொரு மாதிரி. நெல்லைச் சீமையிலிருந்து வந்து இந்தச் சேற்றை மண் கொட்டி மேடாக்கிய பாட்டன் இங்கே வாழ்ந்ததற்கு ஒரு தாளும் இல்லை. இதைவிட நாடகத்துக்கு வேறு என்ன வேண்டும்? ஒரு பெட்டி, மூன்று தலைமுறை, ஓர் அதிகாரி. சோபாகூட வேண்டா. 1982இல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தைப் பற்றி இந்நகரின் பிற மொழியினர் நாடகம் எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அடுப்பு எரியாத வீடுகளில் தமிழ் வீடுகளும் இருந்தன. 1960களின் இறுதியில் தமிழ் பேசிக்கொண்டு தெருவில் போகவே அஞ்சிய மாதங்களை நம் முதியோர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். எழுதி வைக்க ஆளில்லை.

தாராவியில் நாடகமே இல்லை என்று எண்ணுவோரும் தவறாக எண்ணுகிறார்கள். அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கிறது. பொங்கலுக்கும் தலைவர்கள் பிறந்தநாளுக்கும் இளைஞர்கள் பந்தல் போட்டு நாடகம் நடத்துகிறார்கள். அப்படி ஒன்றை நாம் பார்த்தோம். குடிப்பழக்கத்தைப் பற்றிய நாடகம், கதை பழையது, முடிவு தெரிந்தது. ஆனால் அந்தப் பேச்சு! திருநெல்வேலித் தமிழும் பம்பாய் இந்தியும் பின்னிப் பிணைந்து, எதிரே அமர்ந்த ஆயிரம் பேரின் அன்றாடப் பேச்சாகவே ஒலித்தது. முடிந்தபின் இயக்கிய இளைஞரிடம், மாட்டுங்காவில் வந்து இதை நடிப்பீர்களா என்று கேட்டோம். "கூப்பிட்டா வருவோம் அண்ணாச்சி. இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டது இல்லியே" என்றார். இரண்டு இடங்களுக்கும் இடையே தொலைவு நடந்துபோகும் தூரந்தான். அழைப்புப் போகாததற்குச் சாதியும் வகுப்பும் காரணம் என்பதை மூடி மறைப்பதில் பயனில்லை. முத்தமிழுக்கு விழா எடுப்போர், யாருடைய தமிழ் மேடைக்கு உரியது என்று சொல்லாமலே வரையறுத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வரையறையால் யாருக்கு இழப்பு? மாட்டுங்காவுக்கும் செம்பூருக்குந்தான். இந்த மலரை வாங்கிச் செல்லும் வீடுகளில், இதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் மராத்தியும். எழுத்து அவர்களிடமிருந்து போய்விட்டது. பட்டிமன்றத்தின் மேற்கோள் அவர்களுக்கு விளங்காது, கவியரங்கத்தில் தூங்குகிறார்கள். செவி ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. செவி வழியாக, முகம் பார்த்து, சூழ்நிலை அறிந்து மொழியைப் பற்றிக்கொள்ள நாடகத்தைப்போல வாய்ப்பளிக்கும் கலை வேறில்லை. செம்பூரில் ஒரு நாடகம் முடிந்து வெளியே வரும்போது ஒரு மூதாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நம்மிடம் சொன்னார்: "இவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனா அந்த மாமா அழறச்சே இவளும் அழறா, பாருங்கோ." தமிழ்ப் பாடத்திட்டம் வகுக்கும் அறிஞர்கள் அனைவரையும்விட அந்த அம்மையார் இச்சிக்கலை நன்றாக அறிந்திருக்கிறார். அதே வேளையில், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்கள் தொகையும் குறைந்துவருகிறது. எழுத்து ஒரு பக்கம் இருக்கிறது, மேடை மறுபக்கம் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்ப்பது தமிழ்ச் சங்கங்களின் பணியாகாது என்றால், வேறு எது அவற்றின் பணி?

நாள் முழுவதும் லோக்கல் ரயிலில் நசுங்கி வருபவன் சிரிக்கத்தானே வருவான் என்று சிலர் இரங்கிப் பேசுவர். மராத்தியரும் குஜராத்தியரும் அதே ரயிலில்தான் நசுங்குகிறார்கள். அவர்கள் சிரிக்கவும் போகிறார்கள், அழவும் போகிறார்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்தபின் நாடகம் எடுபடாது என்பர். அவை மராத்தி வீட்டுக்கும் வந்திருக்கின்றன. நடிக்கப் பெண்கள் முன்வருவதில்லை, ஒத்திகைக்கு இடம் இல்லை என்பனவற்றில் ஓரளவு உண்மை உண்டு. பெண்கள் முன்வராதது, வரத்தக்க பாத்திரங்களை எழுதாததால். இடம் இல்லாதது, மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் பள்ளி மண்டபங்களின் சாவி சங்க நிருவாகிகளின் கையிலேயே இருந்தும் அதைத் திருப்ப மனமில்லாததால். மாட்டுங்காவில் பாவு தாஜி சாலையிலே மைசூர் அசோசியேஷன் இருக்கிறது. கன்னட நாடகத்துக்கு அங்கே இடம் எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு மாலை நடந்துபோய்க் கேட்டு வரலாம்.

நாம் கேட்பது பெரிதன்று. சென்னைக் குழு ஒன்றுக்கு ரயில் கட்டணம், தங்கும் விடுதி, சாப்பாடு என்று ஒரு சபா செலவிடும் தொகையை ஒரே ஓர் ஆண்டு உள்ளூருக்கு மாற்ற வேண்டும். அதில் பாதியை மும்பையில் வாழும் ஓர் எழுத்தாளருக்கு நாடகம் எழுதக் கொடுக்க வேண்டும். மீதியில் தாராவியிலும் செம்பூரிலும் இருந்து பிள்ளைகளைச் சேர்த்து ஆறு மாதம் ஒத்திகை நடத்த வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் ஆர்மோனியக்காரரை ஒரு மாதத்துக்கு அழைத்து வந்து அவர்களுக்குப் பாட்டுச் சொல்லித் தரச் செய்தால் இன்னும் நன்று. முதற்காட்சி தாராவியில் நடக்கட்டும், இரண்டாவது சண்முகானந்தாவில் நடக்கட்டும். சண்முகானந்தா பெரிது, நிரம்பாது என்றால் சிவசாமி அரங்கத்தில் நடக்கட்டும். பொன்னாடை வேண்டா, இடைவேளையில் உரை வேண்டவே வேண்டா. நுழைவுச்சீட்டு 100 ரூபாய். புரவலரும் வாங்கட்டும், செயலாளரும் வாங்கட்டும். நாடகம் மோசமாக இருந்தால் வெளியே வந்து மோசம் என்று உரக்கச் சொல்வோம். அந்தச் சொல்லைக் கேட்கும் துணிவு எழுதியவருக்கும் நடித்தவருக்கும் இருக்கட்டும்.

அடுத்த ஆண்டு நிரலை வகுக்கும் செயற்குழுக்கள் விரைவில் கூடும். சென்னைக் குழுக்களின் தலைவர்களுக்கு வழக்கமான கடிதங்கள் எழுதப்படும். அவை அஞ்சலில் சேருமுன், தாராவியில் நாம் சந்தித்த அந்த இளைஞருக்கு ஒரு கடிதம் போகட்டும். முகவரியை நாம் தருகிறோம். முதற்காட்சிக்கான முதல் இருபது சீட்டுகளின் விலையையும் இந்த மலர் வெளியாகும் நாளன்றே செயலாளரிடம் சேர்த்துவிடுகிறோம்.